வீட்டுக்கு அடியில மெட்ரோ வருதா? கட்டடம் எவ்வளவு இறங்கும்னு கணிக்கறதும் அளக்கறதும்

சென்னையில ரெண்டாம் கட்ட மெட்ரோ வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து சொந்தக்காரங்க யார் போன் பண்ணாலும் ஒரே கேள்விதான், "எங்க தெருவுக்கு கீழ டன்னல் வருதாம், செவத்துல பொத்தான் மாதிரி ஏதோ ஒண்ணை அடிச்சிட்டு போயிட்டாங்க, வீடு இறங்கிடுமாப்பா?" நான் ஒளிச்சு மறைச்சு சொல்றதில்ல. இறங்கும். கீழ மிஷின் போன எந்த தெருவும் கொஞ்சமாவது இறங்காம இருந்ததில்ல, அது 2 மில்லிமீட்டரா 20 மில்லிமீட்டராங்கறதுதான் விஷயம், அதை விட முக்கியமா உங்க வீடு மொத்தமா ஒரே மாதிரி இறங்குதா, இல்ல முன்பக்கம் ஒரு மாதிரி பின்பக்கம் ஒரு மாதிரி இறங்குதாங்கறது. மொத்த வீடும் 20 மில்லி சமமா இறங்கினா வாசல்ல டிரைனேஜ் பைப்பு இணைப்பை தவிர வேற எதுக்கும் தெரியாது. ஒரு மூலை மட்டும் 10 மில்லி இறங்கினா செவுரு பேச ஆரம்பிச்சிடும்.

இதை நான் சைட்ல பில்டிங் சர்வே எடுத்து பழகினவனா எழுதறேன், டிசைன் ஆபீஸ்ல உக்காந்து எழுதல, அதனால கணக்கு கொஞ்சம் கரடுமுரடாதான் இருக்கும், ஆனா வீட்டுக்காரருக்கும் புதுசா வேலைக்கு சேர்ந்த பசங்களுக்கும் இது போதும்.

ஏன் இறங்குதுன்னா, மிஷின் வெட்டற வட்டம் கான்கிரீட் ரிங்கை விட கொஞ்சம் பெருசு. சென்னையில வெட்டு விட்டம் சுமார் 6.6 மீட்டர், உள்ள ரயில் போற வட்டம் 5.8 மீட்டர். ரிங்கோட கனம் போக, வெட்டின மண்ணுக்கும் ரிங்குக்கும் நடுவுல சில அங்குல இடைவெளி, அதுக்குள்ள மிஷினோட வால் பக்கத்துலேர்ந்து கிரௌட், அதாவது சிமெண்ட் கலவை, அடிச்சு நிரப்பிக்கிட்டே போவாங்க. அந்த கிரௌட் வர்றதுக்குள்ள மண்ணு உள்ள சரியும், மிஷின் மூஞ்சியில அழுத்தம் குறைஞ்சாலும் தேவைக்கு மேல மண்ணு உள்ள வந்துடும். இப்படி கூடுதலா போன மண்ணை டன்னல் வெட்டின மொத்த மண்ணுல இத்தனை சதவீதம்னு சொல்றதுதான் வால்யூம் லாஸ். நல்லா ஓட்டினா அரை சதவீதம், டிசைன்ல பெரும்பாலும் 1 சதவீதம்னு வெச்சுப்பாங்க, மிஷினுக்கு மேல்பாதி மணலும் கீழ்பாதி பாறையுமா வர்ற இடத்துல அதுக்கும் மேல போகலாம். பாறையை வெட்ட மிஷின் மெதுவா போகணும், அந்த நேரத்துல மேல இருக்கற மணல் சும்மா இருக்காது, கொட்டிக்கிட்டே இருக்கும். கூவம், அடையாறு ஓரமா மணலும் களிமண்ணும், தெக்க போகப்போக சிதைஞ்ச பாறையும் சார்னகைட்டுங்கற கெட்டிப் பாறையுமா இருக்கற நம்ம ஊர்ல இது தினப்படி தலைவலி.

இப்ப கணக்கு. 1969ல ரால்ஃப் பெக்னு ஒரு அமெரிக்க மண்ணியல் இஞ்சினியர், நிஜமா அளந்த டன்னல்களை வெச்சு, தரை இறங்கற வடிவம் கவுத்து வெச்ச மணி மாதிரி இருக்குன்னு காட்டினார், இன்னிக்கும் மொத கணக்கு அதுதான். டன்னலோட நடுமையம் எவ்வளவு ஆழம்னு எடுங்க, அதை மண்ணுக்கு ஏத்த ஒரு எண்ணால பெருக்குங்க, களிமண்ணுன்னா 0.5, மணல்னா 0.3 பக்கம். வர்றதுதான் "ஐ". அந்த மணி வளைவு குழியிலேர்ந்து மேடா திரும்பற இடம், டன்னல் நடுவுலேர்ந்து அத்தனை மீட்டர் தள்ளி இருக்கும். நடுவுல எவ்வளவு இறங்கும்னா, ஒரு மீட்டர் நீளத்துக்கு இழந்த மண்ணோட கன அளவை 2.5 பெருக்கல் ஐ-யால வகுத்துக்கணும். ரெண்டரை மூணு ஐ தூரத்துக்கு அப்பால பெருசா ஒண்ணும் இருக்காது.

எண் போட்டே பாத்துடலாம். 16 மீட்டர் ஆழம், களிமண்ணும் மணலும் கலந்ததுன்னு 0.4 வெச்சா ஐ 6.4 மீட்டர். 6.6 மீட்டர் வட்டத்தோட பரப்பு 34.2 சதுர மீட்டர், அதுல 1 சதவீதம் 0.342 கன மீட்டர், அதை 16ஆல வகுத்தா 0.021, அதாவது ரோடு நடுவுல 21 மில்லி. அரை சதவீதத்துல ஓட்டினா சரியா பாதி, 10 மில்லி சொச்சம். பாத்தீங்களா, மண்ணு அதே மண்ணு ஆழம் அதே ஆழம், மிஷின் ஓட்டறவரோட கையில மட்டும் பாதிக்கு பாதி வித்தியாசம் வருது. அதனால யாராவது உங்ககிட்ட "கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தோம், 8.3 மில்லிதான் வரும்"னு தசம புள்ளியோட சொன்னா ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு, எவ்வளவு வால்யூம் லாஸ்னு வெச்சு போட்டீங்கன்னு மட்டும் கேளுங்க.

இப்ப இந்த டன்னல் ஓரமா ஒரு மாடி வீடு, முன் செவுரு டன்னல் நடுவுலேர்ந்து 6 மீட்டர், பின் செவுரு 16 மீட்டர்னு வெச்சுக்கலாம். முன் செவுத்துக்கு கீழ 13.7 மில்லி இறங்கும், பின் செவுத்துக்கு கீழ 1 மில்லி கூட வராது. 10 மீட்டர்ல 13 மில்லி வித்தியாசம், அதாவது ஏறக்குறைய 780க்கு 1 சாய்வு. மொத சல்லடையா உலகம் பூரா வெச்சிருக்கற அளவு 10 மில்லி இறக்கமும் 500க்கு 1 சாய்வும், ரெண்டுக்கும் உள்ள இருந்தா அந்த கட்டடத்தை மேல நோண்ட மாட்டாங்க. நம்ம வீடு சராசரி சாய்வுல பாஸ், இறக்கத்துல பெயில், அதனால அடுத்த கட்டத்துக்கு போகணும்.

அடுத்த கட்டத்துலதான் நெறைய பேரு விட்டுடற ஒரு விஷயம் இருக்கு. மண்ணு கீழ மட்டும் போறதில்ல, டன்னல் பக்கமா பக்கவாட்டுலயும் நகரும், எந்த இடத்துல எவ்வளவு இறங்குதோ அதை தூரத்தால பெருக்கி ஆழத்தால வகுத்தா பக்கவாட்டு நகர்வு வந்துடும். முன் செவுரு ரோட்டை பாத்து 5 மில்லி, பின் செவுரு 1 மில்லி, அப்ப வீடு 4 மில்லி சொச்சம் இழுபடுது, 10 மீட்டருக்கு 0.042 சதவீதம். செங்கல் செவுரு அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது. இதோட வளைவும் சேரணும். குழியோட நடுவுல இருக்கற வீடு தொட்டில் மாதிரி கீழ தொங்கும், அதுக்கு அஸ்திவாரமே கொஞ்சம் கட்டிப்பிடிச்சு காப்பாத்தும். ஐ-க்கு வெளிய இருக்கற வீடு முதுகு கூன் போட்ட மாதிரி மேல வளையும், அப்ப இழுபடறது மொட்டை மாடி கைப்பிடிச் செவுரு பக்கம், அங்க பிடிச்சு வெக்க ஒண்ணும் இல்ல. ரோட்டு மேல இருக்கற கடைய விட ஒரு வீடு தள்ளி இருக்கறவருக்கு ஏன் விரிசல் அதிகம்னு கேட்டா இதுதான் பதில். ரெண்டையும் சேத்தா நம்ம வீட்டுக்கு 0.06லேர்ந்து 0.07 சதவீதம் இழுவை வருது.

அதை எதோட ஒப்பிடறதுன்னா, பர்லாண்டுனு ஒரு பிரிட்டிஷ் பேராசிரியர் கூட வேலை பாத்தவங்களோட சேந்து போட்ட வகைப்பாடு இருக்கு. இழுவை 0.05 சதவீதத்துக்கு கீழன்னா முடி மாதிரி கோடு, கண்ணுக்கே சரியா தெரியாது. 0.075 வரைக்கும் 1 மில்லிக்குள்ள விரிசல், பெயிண்ட் அடிக்கறப்ப மறைஞ்சிடும், நம்ம வீடு இங்க நிக்குது. 0.15 வரைக்கும் 5 மில்லி விரிசல், கதவு ஜன்னல் லேசா பிடிக்கும், நிரப்பி பூசினா போதும். 0.15லேர்ந்து 0.3க்குள்ள 15 மில்லி வரைக்கும் பிளக்கும், செங்கல்லை பேத்து கட்டணும், தண்ணி பைப்பு உடையலாம். அதுக்கு மேல போனா வீட்டை காலி பண்ணிட்டுதான் பேச்சு. பொதுவா 0.15ஐ தாண்டற அந்த வகைய எட்டாம பாத்துக்கணும்னுதான் டிசைன் பண்ணுவாங்க, எட்டும்னு கணக்கு சொன்னா முன்னாடியே மண்ணுக்குள்ள கிரௌட் அடிக்கறதோ முட்டு குடுக்கறதோ செய்யணும். லண்டன்ல ஜூபிலி லைன் நீட்டினப்ப பிக் பென் கோபுரத்தை இப்படித்தான் அடியில கிரௌட் அடிச்சு அடிச்சு சாயாம பிடிச்சு வெச்சாங்க.

டன்னல் ரெண்டு போகும், போக ஒண்ணு வர ஒண்ணு, ரெண்டுத்தோட இறக்கத்தையும் கூட்டணும். ஆனா பயப்படாதீங்க, இந்த உதாரணத்துல ரெண்டாவது டன்னல் 14 மீட்டர் அந்தாண்ட இருந்தா நம்ம முன் செவுத்துக்கு அதுலேர்ந்து வர்றது கால் மில்லி கூட இல்ல. உங்க பக்கம் வர்ற டன்னல் எது, அது எந்த மாசம் வருதுன்னு தெரிஞ்சுக்கங்க, அவ்வளவுதான்.

கணக்குக்கு தெரியாதது நெறைய இருக்கு, அதை கண்ணாலதான் பாக்கணும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பக்கம் போனா முன்பக்கம் சுண்ணாம்பு காரையில கட்டின, மர உத்தரம் மேல செங்கல் அடுக்கி தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு, பின்பக்கம் 90கள்ல பில்லர் போட்டு சேத்த போர்ஷன், நடுவுல ஜாயிண்ட்டே விடாம ஒட்டி பூசியிருப்பாங்க. இறங்கறப்ப பிளக்கறது சரியா அந்த ஒட்டுலதான். பக்கத்து வீட்டோட பொதுச் செவுரு, மூடின பழைய கிணறு, கழிவுநீர் தொட்டி, பயன்பாட்டுல இல்லாத போர்வெல், எல்லாத்தையும் வீட்டுல இருக்கற வயசானவங்ககிட்ட உக்காந்து கேளுங்க. ஒரு வீட்டுல ஒரு பாட்டி, "தம்பி, நீங்க நிக்கற இடம்தான் கிணறு, எங்க மாமனார் மூடினது"ன்னாங்க, நான் ட்ரைபாடை சத்தமில்லாம தூக்கி நகத்தி வெச்சேன். போர்வெல் இருந்தா கட்டாயம் சொல்லணும், மிஷின்ல அடிக்கற நுரையும் காத்தும் அது வழியா மேல வந்துடும், சமையல்கட்டுல நுரை பொங்கினா யாருக்குத்தான் உயிர் நிக்கும்.

இப்ப சர்வே. இதுதான் எல்லாத்துக்கும் அடி, மிஷின் வர்றதுக்கு முன்னாடி வீடு எப்படி இருந்துச்சுன்னு பதிவு இல்லைன்னா அப்புறம் நீங்க சொல்றதும் நிக்காது மெட்ரோகாரங்க சொல்றதும் நிக்காது. ஒரு வீட்டுல கல்யாணம்னு சர்வேக்கு ஒரு வாரம் முன்னாடி பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிட்டாங்க, போட்டோவுல செவுரு புதுப் பொண்ணு மாதிரி இருக்கு, ஆறு மாசம் கழிச்சு பழைய விரிசல் எல்லாம் பட்டியை கிழிச்சுக்கிட்டு வந்துடுச்சு, எது பழசு எது புதுசுன்னு அந்த கட்டடம் கட்டின மேஸ்திரிக்கே தெரியல. எதிர்ப்பக்க தப்பும் பாத்திருக்கேன், 14 ரூம் இருக்கற வீட்டுக்கு வாசலை மட்டும் 12 போட்டோ எடுத்துட்டு கையெழுத்து வாங்கிட்டு போயிட்டாங்க. அதனால வீட்டுக்காரரா இருந்தா நீங்களே ஒரு செட்டு எடுத்து வெச்சுக்கங்க. ஒவ்வொரு ரூமுக்கும் நாலு செவுரு, தளத்தோட அடி, தரை, பாத்ரூம், மொட்டை மாடி, வெளிச் செவுரு, காம்பவுண்டு. ஒவ்வொரு விரிசலுக்கும் பக்கத்துல ஸ்கேல் வெச்சு, ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி, கிட்டத்துல ஒண்ணு தூரத்துல ஒண்ணுன்னு படம். அகலத்தை அளக்க பிளாஸ்டிக் அட்டையில கோடு போட்ட கிராக் கேஜ் விக்கறாங்க, அதை ஒட்டி வெச்சு பாத்தா 0.2 மில்லி கூட படிக்கலாம். எல்லா படத்தையும் தேதியோட யாருக்காவது மெயில் அனுப்பி வெச்சுடுங்க, பின்னாடி தேதிக்கு சாட்சி அதுதான்.

விரிசலை படிக்கறதும் ஒரு பழக்கம். தளத்துக்கு கீழ படுக்கையா நேர்கோடா ஓடுதா, அது வெயில்ல தளம் நீண்டு சுருங்கறதால, மெட்ரோவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பூச்சுல மேப் மாதிரி சின்ன சின்னதா இருந்தா பூச்சு காயறப்ப வந்தது. பில்லரோட கம்பி ஓடற நெட்டுக்கு பிளந்து துருக்கறை தெரிஞ்சா கம்பி துரு பிடிச்சிருக்கு, கடலோர ஊர்ல இது சர்வ சாதாரணம். இறக்கத்தால வர்றது பெரும்பாலும் ஜன்னல் மூலையிலேர்ந்தோ நிலை மேலேர்ந்தோ சாய்வா கிளம்பும், ஒரு முனை அகலமா இன்னொரு முனை ஒல்லியா இருக்கும். அந்த சாய்வு எந்தப் பக்கம் மேல ஏறுதோ அந்தப் பக்கம்தான் இறங்கியிருக்கு, இதை ஒரு பேப்பர்ல சதுரம் வரைஞ்சு வலது பக்கத்தை கீழ இழுத்து பாத்தா உங்களுக்கே புரிஞ்சிடும். மேல அகலம் கீழ ஒல்லின்னா முதுகு கூனல், கீழ அகலம்னா தொட்டில் தொங்கல். விரிசலுக்குள்ள தூசியும் பழைய பெயிண்ட்டும் இருந்தா பழசு, ஓரம் கூர்மையா உள்ள வெளுத்து இருந்தா புதுசு.

அளவு எடுக்கறதுல செவுத்துல அடிச்ச அந்த பொத்தான்தான் செட்டில்மெண்ட் பாயிண்ட், அதாவது இறக்கத்தை அளக்கற புள்ளி. உயரத்தை அளக்கற டிஜிட்டல் லெவல் வெச்சு, டன்னலோட பாதிப்புக்கு நல்லா வெளிய, அசையாம இருக்கற ஒரு அடையாளப் புள்ளியிலேர்ந்து (பெஞ்ச்மார்க்) ஆரம்பிச்சு திரும்ப அங்கயே வந்து மூடணும். பெஞ்ச்மார்க்கே குழிக்குள்ள இருந்தா எல்லாமே ஒண்ணா இறங்கும், ரீடிங்ல ஒண்ணுமே இறங்காத மாதிரி அழகா தெரியும், இந்த கூத்தும் நடந்திருக்கு. மிஷின் வர்றதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சு அடிக்கடி ரீடிங் எடுத்தாதான் வெயிலுக்கு எவ்வளவு மழைக்கு எவ்வளவு ஆடுதுன்னு தெரியும், களிமண்ணுல ஐப்பசி மழைக்கே வீடு ஒண்ணு ரெண்டு மில்லி தூக்கும். எப்பவும் காலைல ஒரே நேரத்துல எடுங்க. சாய்வுக்கு டில்ட் மீட்டர், விரிசலுக்கு கிராக் மீட்டர், நிலத்தடி தண்ணிக்கு பீசோமீட்டர். ரீடிங்கை கேட்டு வாங்கறது தப்பில்ல, கேட்டா குடுக்கறவங்களும் இருக்காங்க.

வீட்டுல நீங்களே பாக்கணும்னா தண்ணி நிரப்பின லெவல் டியூப் போதும், கொத்தனார் வெச்சிருப்பார், முன் செவுத்துலயும் பின் செவுத்துலயும் ஒரே மட்டத்துல கோடு போட்டு வெச்சு வாரம் ஒரு தடவை பிடிச்சு பாருங்க, ரெண்டு மூணு மில்லி வித்தியாசம் வந்தா தெரியும். குழாய்ல காத்துக்குமிழி இல்லாம பாத்துக்கங்க. மாடிப்படி ஓரமா தூக்குக் குண்டு தொங்க விட்டு அடியில புள்ளி வெச்சா சாய்வும் தெரியும். விரிசல் மேல சின்ன கண்ணாடி துண்டை ஒட்டினா அசைஞ்சா உடையும், ஆனா எவ்வளவுன்னு சொல்லாது. கதவு பிடிக்குதுன்னு உடனே அலறாதீங்க, மரக்கதவு மழைக்கு ஊதும். இரும்பு கேட்டோட தாழ்ப்பாள் ஓட்டையில விழாம போனா அதை நம்பலாம்.

மிஷின் கிட்ட வர்ற சமயத்துல தினம் ரெண்டு தடவையாவது ரீடிங் எடுக்கணும். மூஞ்சி வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் இறங்கும், வால் தாண்டறப்ப பெரும்பகுதி இறங்கிடும், மணல்னா சில நாள்ல நின்னுடும், களிமண்ணுன்னா மாசக்கணக்குல ஊறி ஊறி இறங்கும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூணு எல்லை வெச்சிருப்பாங்க, மொத எல்லையை தாண்டினா கவனிக்கணும், அடுத்ததுல வேலை முறையை மாத்தணும், கடைசில நிறுத்தணும். நான் எல்லையை விட வேகத்தைதான் பாப்பேன், நேத்து 1 இன்னிக்கு 4ன்னா மொத எல்லை கூட தாண்டலன்னாலும் போனை எடுத்துடணும்.

ஸ்டேஷன் பக்கத்து வீட்டுக்கு இந்த மணி வளைவு கணக்கு பொருந்தாது. அங்க மேலேர்ந்து டயாப்ரம் வால், அதாவது மண்ணுக்குள்ள ஆழமா இறக்கற கான்கிரீட் செவுரு, போட்டு தோண்டுவாங்க, அந்த செவுரு உள்பக்கம் வளையும், தோண்டற ஆழத்துக்கு ரெண்டு மடங்கு தூரம் வரைக்கும் மண்ணு இறங்கலாம், இது ஒரு நாள்ல முடியற விஷயம் இல்ல, வருஷக்கணக்கு. தண்ணி இறைச்சா இன்னும் தூரம் போகும். உங்க கிணத்து மட்டம் திடீர்னு குறைஞ்சா அதையும் ஒரு ரீடிங்கா எழுதி வெச்சுக்கங்க.

இன்னொண்ணு, இதுவரைக்கும் சொன்னது எல்லாம் ஒழுங்கா நடக்கற வேலைக்கு. 2017 ஏப்ரல் 9ஆம் தேதி அண்ணா சாலையில ரோடு உள்வாங்கி பஸ்சும் காரும் குழிக்குள்ள போனுச்சே, எல்லாரும் தப்பிச்சாங்க, அதை எந்த மணி வளைவும் சொல்லாது, மண்ணு ஒரே இடத்துல உள்ள ஓடி வெற்றிடமாகி மேல பொத்துக்கிட்டது. 2019 ஆகஸ்ட் கடைசில கொல்கத்தா பௌபஜார்ல மிஷின் நிலத்தடி நீர் அடுக்குல முட்டி தண்ணியும் மண்ணும் டன்னலுக்குள்ள கொட்ட, மேல பழைய வீடுகள் இடிஞ்சுது, 2022லயும் அதே இடத்துல திரும்ப விரிசல். ஜெர்மனியில கொலோன் நகரத்துல 2009 மார்ச் 3ஆம் தேதி மெட்ரோ குழியோட டயாப்ரம் வால் பழுதால நகர ஆவணக் காப்பகமே சரிஞ்சு பக்கத்துல ரெண்டு பேர் செத்தாங்க, காப்பகத்துக்குள்ள இருந்தவங்க எச்சரிக்கை கேட்டு ஓடி வந்ததால பிழைச்சாங்க. அதனால செவுத்துல சத்தம் கேட்டு விரிசல் கண்ணு முன்னாடி அகலமாகுது, தரையில டைல்ஸ் எழும்புது, வாசல்ல மண்ணு உள்வாங்குது, போர்வெல்ல திடீர்னு நுரையோ சேறோ பொங்குதுன்னா கிராக் கேஜைத் தேடாதீங்க, கேஸை மூடிட்டு மெயின் ஸ்விட்சை அணைச்சிட்டு வீட்டுல இருக்கற எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய வந்துட்டு அப்புறம் போன் பண்ணுங்க.

மிஷின் போயாச்சு, ரெண்டாவது மிஷினும் போயாச்சு, உடனே கொத்தனாரை கூப்பிட்டு விரிசலை பூசாதீங்க. ரீடிங் அசையாம நிக்கற வரைக்கும் விடுங்க, களிமண்ணா இருந்தா ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டட்டும். அப்புறம் மொத சர்வே போட்டோவையும் கடைசி போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒவ்வொரு விரிசலா டிக் அடிச்சு, புதுசா வந்தது எது, நீண்டது எதுன்னு எழுதி, அவங்களோட க்ளோசிங் சர்வேயில அதை சேத்த பிறகுதான் கையெழுத்து போடணும். சுண்ணாம்பு காரை செவுரா இருந்தா சிமெண்ட் வெச்சு அடைக்காதீங்க, அது பழைய காரையோட ஒட்டாது, பக்கத்துலயே இன்னொரு கோடு விடும்.